பாரியோவில் முதுமை – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) முதியவர்கள் பற்றிய கட்டுரையில், ஏழ்மையும் இரைச்சலும் மிகுந்த பகுதிகள் மன அழுத்தம் தந்து உடலைக் கெடுக்கின்றன என்கிறீர்கள். அடுத்த பத்தியிலேயே, அப்படிப்பட்ட பகுதிகளில் மெக்சிகோ வம்சாவளி முதியவர்கள் கூடுதல் காலம் வாழ்வதாகச் சொல்கிறீர்கள். எது சரி? அழுத்தத்தை எச்சிலில் அளப்பதை நம்பலாமா?

கே.

அன்புள்ள கே.,

இரண்டும் சரிதான். பாரியோவில், அதாவது லத்தீனோ மக்கள் செறிந்து வாழும் நகர்ப்பகுதியில், ஏழ்மையும் இருக்கிறது, சொந்தபந்தமும் இருக்கிறது. இரண்டையும் தனித்தனியே கணக்கில் எடுக்காவிட்டால் ஒன்று மற்றதை மறைத்துவிடும்.

அமெரிக்கத் தென்மேற்கின் ஐந்து மாநிலங்களில் 65 வயது கடந்த மெக்சிகோ வம்சாவளியினர் 3,050 பேரை 1993 முதல் தொடர்ந்து கவனித்தார்கள். தம் மக்கள் அடர்த்தியாக வாழும் இடங்களில் இருந்தவர்களிடம் இறப்பும் பக்கவாதமும் குறைவு என்று 2004இல் தெரிந்தது.

இதற்கான காரணத்தைச் சிகாகோவில் பார்க்கலாம். 1995 ஜூலை வெப்ப அலையில் அங்கே 700 பேருக்கு மேல் இறந்தார்கள். வடக்கு லான்டேல் பகுதியில் சாவு அதிகம், அதை ஒட்டிய பாரியோவான லிட்டில் வில்லேஜில் மிகக் குறைவு. தனியாக வாழும் முதியவர்கள் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே விகிதம். ஆனால் லிட்டில் வில்லேஜின் 26ஆம் தெருவில் வரிசையாகக் கடைகள், எப்போதும் ஆள் நடமாட்டம். கிழவர்கள் பயமில்லாமல் வெளியே வந்தார்கள். பக்கத்திலோ காலி மனைகளும் குற்றப் பயமும் கதவைச் சாத்த வைத்தன. இதற்காக லிட்டில் வில்லேஜைக் கொண்டாடிவிட வேண்டாம். 2012 வரை அங்கேயே ஒரு நிலக்கரி மின்நிலையம் புகைவிட்டுக்கொண்டிருந்தது.

எச்சில் சோதனைக்கு வருகிறேன். அங்கே அளப்பது கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனை. அது விழித்த அரைமணி நேரத்தில் உச்சத்துக்கு ஏறி, இரவுக்குள் இறங்கும். நாள்பட்ட அழுத்தத்தில் இந்தச் சரிவு தட்டையாகலாம். கண் திறந்ததும், 30 நிமிடம் கழித்து, படுக்கும் முன் என மூன்று மாதிரிகள். இரண்டு நாளாவது எடுக்க வேண்டும். காலை மாதிரிகள் முடியும்வரை பல் துலக்கக் கூடாது, ஈறு ரத்தம் கலந்தால் அளவு கூடிவிடும். முதல் மாதிரியைக் கால்மணி தாமதித்தாலே ஏற்றம் தவறிப்போய், நன்றாக இருப்பவரும் அழுத்தத்தில் இருப்பவராகத் தெரிவார். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுப்பவர்களின் அளவும் நம்பகமல்ல.

அதனால் எச்சிலை மட்டும் வைத்து நான் முடிவெடுக்க மாட்டேன். ரத்த அழுத்தம், மூன்று மாதச் சர்க்கரை அளவு, இடுப்புச் சுற்றளவு, உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் ரத்தக் குறி எல்லாம் சேர்த்துப் பார்ப்பதே மேல். அதிலும் ஒரு பொறி உண்டு: மாத்திரை போடுபவரின் ரத்த அழுத்தம் இயல்பாகத் தெரியும். அவரை உயர் ரத்த அழுத்தக்காரர் என்றே குறிக்க வேண்டும்.