மகனின் ஜாக்கெட்டில் கிடைத்த ரசீது

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். மகனுக்கு இருபது வயது. கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு ட்ரக் ஓட்டப் போகிறேன் என்கிறார். பயிற்சிப் பள்ளிக்குக் கட்ட நீங்கள் சீட்டுப் பணத்தை எடுத்து வைத்திருக்கிறீர்கள், கட்டலாமா என்று கேட்கிறீர்கள். அதே வாரத்தில், துவைக்கப் போட்ட அவருடைய ஜாக்கெட்டிலிருந்து கஞ்சாக் கடை ரசீது ஒன்று விழுந்திருக்கிறது. கேட்டதற்கு, "இங்கே சட்டப்படி சரிதானே அம்மா" என்றாராம்.

அவர் சொன்னது உண்மைதான். கனடாவில் 2018 ஒக்டோபர் 17 முதல் வயது வந்தவர்கள் கஞ்சா வாங்குவது குற்றமில்லை. ஆனால் அவர் போக நினைக்கும் தொழிலில் அந்தச் சட்டம் துணைக்கு வராது. ஒன்ராறியோவில் கனரக வாகனத்தின் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவரிடம் மதுவோ கஞ்சாவோ துளியும் தென்படக்கூடாது. தென்பட்டால் அந்த இடத்திலேயே அனுமதிப்பத்திரம் இடைநிறுத்தப்படும். எல்லை தாண்டி அமெரிக்காவுக்குள் சரக்கு கொண்டுபோகிறவர்களுக்கு விதி இன்னும் இறுக்கமானது. உங்கள் மகனின் ஆசையும் அந்த நெடுந்தூர ஓட்டத்தில்தான் என்று எழுதியிருக்கிறீர்கள்.

அமெரிக்கச் சாலையில் ஓட்டும் கனடியச் சாரதியும் அந்த நாட்டுப் போக்குவரத்துத் துறையின் சோதனைத் திட்டத்துக்குள் வந்துவிடுகிறார். வேலையில் சேரும் முன் ஒரு சோதனை. பிறகு குலுக்கல் முறையில் எந்த நாளிலும் அழைப்பு வரும். பெரிய விபத்து நடந்தாலும், மேற்பார்வையாளருக்குத் தக்க காரணத்துடன் சந்தேகம் எழுந்தாலும் சோதனை உண்டு. கஞ்சா, கொக்கெயின், அம்ஃபெட்டமின், அபின் வகை மருந்துகள், பிரமையூட்டும் பிசிபி என்ற ஐந்தையும் தேடுவார்கள்.

பல பிள்ளைகள் ஏமாறுவது இங்கேதான். சிறுநீர்ச் சோதனைக்கு நீங்கள் இப்போது போதையில் இருக்கிறீர்களா என்பது தெரியாது. உடலில் தங்கியிருக்கும் தடயத்தைத்தான் அது தேடுகிறது. அடிக்கடி புகைப்பவர் உடலில் அந்தத் தடயம் வாரக்கணக்கில் நிற்கும். சனிக்கிழமை இரவு நண்பன் வீட்டில் இழுத்தது, திங்கட்கிழமை தெளிவாக வண்டி ஓட்டுகிறவனையும் வீழ்த்தும். மருத்துவர் எழுதித் தந்த கஞ்சா என்றாலும், கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும், போதை தராத சிபிடி எண்ணெய்தான் எடுத்தேன் என்றாலும் முடிவைச் சரிபார்க்கும் மருத்துவர் ஏற்கமாட்டார்.

மதுவுக்குக் கணக்கு வேறு. வேலைக்கு முந்திய நான்கு மணி நேரத்தில் குடிக்கக்கூடாது. இரத்தத்தில் மது 0.04 சதவீதம் இருந்தாலே விதிமீறல். அமெரிக்க மாநிலங்களில் பெரும்பாலானவை சாதாரணக் கார் ஓட்டிக்கு வைத்திருக்கும் 0.08 எல்லையில் இது பாதி.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒருவரின் கதையைச் சொல்கிறேன். அவர் கஞ்சாவைத் தொட்டதே இல்லை. குலுக்கலில் பெயர் வந்து சோதனை நிலையத்துக்குப் போனார். பைகளைக் காலிசெய்யச் சொன்னார்கள். மாதிரியில் தண்ணீர் கலக்காதபடி கழிவறைத் தொட்டியில் நீல நிறத் தண்ணீர், குழாயையும் மூடிவிட்டிருந்தார்கள். குவளையின் பக்கத்தில் ஒட்டியிருந்த பட்டை, நான்கு நிமிடத்துக்குள் உடல் வெப்பத்தைக் காட்டவேண்டும். 45 மில்லிலீட்டர் தேவை. அவருக்குப் பதற்றத்தில் வரவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு மூன்று மணி நேரம்வரை காத்திருக்கலாம் என்றார்கள். வெளியே சரக்குடன் வண்டி நிற்கிறது, வண்டிகளை அனுப்பும் நிறுவன அலுவலர் விடாமல் தொலைபேசியில் அழைக்கிறார். "நாளை வருகிறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அது சோதனையை மறுத்ததாகப் பதிவானது. மறுப்புக்கும் தோல்விக்கும் விளைவு ஒன்றுதான்: அமெரிக்காவுக்குள் ஓட்டத் தடை.

பதிவு ஏறும் இடத்தின் பெயர் கிளியரிங்ஹவுஸ். 2020 ஜனவரி 6 முதல் இயங்கும் அமெரிக்க அரசின் தரவுத்தளம் அது. அந்த நாட்டுக்குள் ஓட்டவைக்கும் நிறுவனம், புதிய சாரதியைச் சேர்க்குமுன் அவர் சம்மதத்துடன் அதைப் பார்த்தே ஆகவேண்டும். பிறகும் ஆண்டுக்கு ஒரு முறையாவது பார்க்கவேண்டும். சம்மதம் தராதவருக்கு அங்கே ஓட்டும் வேலை கிடையாது. முன்பெல்லாம் ஒரு நிறுவனத்தில் மாட்டிக்கொண்டால் அடுத்த தெருவில் இன்னொன்று என்று போனவர்கள் உண்டு. அந்த வாசல் மூடிவிட்டது. 2024 நவம்பர் 18 முதல், தடையில் இருக்கும் அமெரிக்கச் சாரதிகளின் வணிக அனுமதிப்பத்திரத்தையே மாநிலங்கள் பறிக்கின்றன. நம் பிள்ளையின் ஒன்ராறியோ அட்டை பணப்பையில் அப்படியே இருக்கும். அதை வைத்துக்கொண்டு எல்லையைத் தாண்டி ஓட்டத்தான் முடியாது.

திரும்பிவர வழி இருக்கிறது, அக்கா. ஆனால் நீளமானது. தகுதிபெற்ற போதைப்பொருள் நிபுணர் ஒருவர் மதிப்பிடவேண்டும். அவர் சொல்லும் சிகிச்சையையோ வகுப்பையோ முடித்து, மறுபடி அவரைப் பார்க்கவேண்டும். அதன்பின் ஒருவர் நேரே நின்று பார்க்க மாதிரி கொடுக்கவேண்டும். வேலைக்குத் திரும்பிய முதல் பன்னிரண்டு மாதத்தில் குறைந்தது ஆறு தொடர் சோதனைகள். ஐந்து ஆண்டுவரைகூட அவை நீளலாம். பதிவும் குறைந்தது ஐந்து ஆண்டுகள் நிற்கும். இவ்வளவும் முடித்தவரை நிறுவனம் திரும்ப எடுத்தே ஆகவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. மேலே சொன்ன அந்த மனிதர் இப்போது ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார்.

எல்லையைப் பற்றி ஒரு வார்த்தை. வண்டியில் ஒரு சிறு பொட்டலம் அகப்பட்டாலும் அது சோதனை விவகாரமாக முடியாது. அமெரிக்காவுக்குள் நுழையவே நிரந்தரத் தடை வரலாம். நண்பர்கள் அவர் இருக்கையின் கீழ் எதையாவது மறந்து விட்டுப்போவது கூட விளையாட்டல்ல.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். கட்டணம் கட்டலாமா? இப்போது வேண்டாம். அமெரிக்காவுக்குள் இந்த வேலையில் ஓட்ட 21 வயது ஆகவேண்டும். அவருக்கு இன்னும் ஓராண்டு இருக்கிறது; அதை வீணாகும் காலமாக நினைக்காதீர்கள். நிறுத்த முடிகிறதா என்று அவரே பார்த்துக்கொள்ளட்டும். முடியாவிட்டால் குடும்ப மருத்துவரிடம் போகலாம், இப்போது போனால் எந்தத் தரவுத்தளத்திலும் பெயர் ஏறாது. நிறுத்தி சில மாதங்கள் ஆகுமுன் எந்த நிறுவனத்துக்கும் விண்ணப்பிக்க வேண்டாம். முதல் வேலைக்கான சோதனையில் தோற்றாலும் அது அதே தரவுத்தளத்தில்தான் பதிவாகும். ஒரு நாளும் ஓட்டாமலே தடை பெற்ற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஒன்ராறியோவில் இந்த அனுமதிப்பத்திரத்துக்கான பயிற்சியே குறைந்தது 103.5 மணி நேரம். அவ்வளவு உழைப்பையும் உங்கள் சீட்டுப் பணத்தையும் ஒரு குவளையில் கொட்டக்கூடாது.

அடுத்த சனிக்கிழமை மகனை என்னிடம் அனுப்புங்கள். எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒரு முறை என்று கேட்பேன், அவர் உண்மையைச் சொல்லவேண்டும். அதனால் நீங்கள் வெளியே இருக்கும் கடையில் ஒரு தேநீர் குடித்துக்கொண்டிருங்கள், உள்ளே வரவேண்டாம்.