தோல் பெல்ட்டுக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாமா?

கேள்வி: ராணுவத்தில் இருந்த தாத்தாவின் தோல் பெல்ட்டும் தோள்வாரும் பல வருஷமாக அலமாரியில் கிடந்தன. மழைக்குப் பிறகு எடுத்துப் பார்த்தால் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. பித்தளை பக்கிளைச் சுற்றிப் பச்சையாக ஒரு பசை. தேங்காய் எண்ணெய் தடவினேன். இப்போது பிசுபிசுக்கிறது, பச்சையும் கூடிவிட்டது. பிராசோ (பித்தளை பாலிஷ்) போடலாமா? – வாசகர், குளச்சல்

பதில்: எண்ணெயை இன்றோடு நிறுத்துங்கள். சைவ சித்தாந்தம் சொல்லும் களிம்பு, அதாவது செம்பில் பூக்கும் பச்சை, செம்போடு கூடவே பிறந்தது. உங்கள் பக்கிளில் இருப்பது அப்படியல்ல. தோலில் ஊறிய எண்ணெயின் கொழுப்பு அமிலம் பித்தளையில் உள்ள செம்பைத் தின்று உண்டாக்கிய ஒருவகை சோப்பு அது. நீங்கள் தடவியது அதற்குத் தீனி.

முதலில் ஒரு வெள்ளைத் துணியால் தோலை லேசாகத் தேய்த்துப் பாருங்கள். செங்காவிப் பொடி ஒட்டினால் தோல் உள்ளுக்குள் மட்கிவிட்டது என்று பொருள். அதைத் திருப்ப முடியாது. தண்ணீர், சோப்பு, பாலிஷ் எதுவும் படாமல் துணியில் சுற்றி வைத்துவிடுங்கள்.

பொடி ஒட்டவில்லையா? அந்த வெள்ளைப் பூப்பு எது என்று பாருங்கள். ஹேர் டிரையரை மிதமான சூட்டில் ஓர் அடி தள்ளிப் பிடியுங்கள். உருகி மறைந்தால் அது தோலிலிருந்து கசிந்த கொழுப்பு. உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். (தேங்காய் எண்ணெயே 24 டிகிரிக்குக் கீழே உறைந்து வெள்ளையாகும்.) உருகாவிட்டால் பெரும்பாலும் பூசணம். மூக்கை மூடிக்கொண்டு, முற்றத்தில் நிழலான இடத்தில் மெல்லிய பிரஷ்ஷால் தட்டுங்கள். மிச்சத்துக்கு 70 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு, பிழிந்து, ஒற்றுங்கள். உள்பக்க மூலையில் சோதித்த பிறகுதான். பஞ்சில் சாயம் வந்தால் அதோடு விட்டுவிடுங்கள்.

பிசுபிசுப்புக்குச் சோளமாவு. கனமாகத் தூவி ஒரு நாள் விட்டுத் தட்டுங்கள். மூன்று நான்கு முறை செய்தால் மேலாக நிற்கும் எண்ணெய் இறங்கும். ஊறிப்போனது முழுவதும் வராது, கறுத்த நிறமும் திரும்பாது.

இனி பக்கிள். பச்சையைத் தண்ணீரால் கழுவாதீர்கள், தோலில் பரவும். மூங்கில் பல்குத்தியின் முனையைச் சாய்வாகப் பிடித்து, மெழுகைச் சுரண்டுவதுபோல உலோகத்தின் ஓரமாகவே தள்ளுங்கள். கட்டியாக உருண்டு வரும். இடுக்கில் நிற்பதை மினரல் டர்பன்டைன் தொட்ட காதுகுடையும் பஞ்சால் எடுக்கலாம், உலோகத்தின் மேல் மட்டும்.

பிராசோ போடலாம், தோலில் படாமல். அதில் உள்ள அம்மோனியா தோலுக்கு ஆகாது. அதன் தேய்ப்புப் பொடியோ தையலில் வெள்ளையாக உட்கார்ந்துவிடும். பழைய ஓ.ஹெச்.பி. ஷீட்டில் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள்) ஒரு கீறல் போட்டு பக்கிளுக்கும் தோலுக்கும் நடுவே செருகிக்கொண்டு, துணியில் ஒரு சொட்டு மட்டும் எடுத்துத் தேயுங்கள். அதற்குமுன் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு. தேய்த்தால் முலாம் போய்விடும், உலர்ந்த துணியே போதும். புளி போட்டுத் துலக்குவது குத்துவிளக்குக்குச் சரி, தோலோடு இருக்கும் பித்தளைக்கு வேண்டாம்.

இரும்பு ரிவெட் இருந்தால் இன்னும் கவனம். ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்றவற்றால் பதப்படுத்திய தோலில் டானின் இருக்கும். ஈரமும் துருவும் அதோடு சேர்ந்தால் கறுப்புக் கறை. கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்து மை காய்ச்சிய அதே சங்கதிதான். பிறகு அழியாது. துருவை உலர்வாகவே சுரண்டி, நிறமில்லாத மெழுகை உலோகத்தின் மேல் மெல்லிசாகப் பூசுங்கள்.

நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. குளச்சலில் உப்புக்காற்று வேறு. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூசணம் திரும்ப வரும். பிளாஸ்டிக் கவரில் கட்டாமல், துவைத்த பருத்தித் துணியில் தளர்வாகச் சுருட்டி, சுவரை ஒட்டாத நடுத்தட்டில் வையுங்கள். பக்கிளை மாட்டி இறுக்க வேண்டாம். அதற்கும் தோலுக்கும் நடுவே அந்த ஷீட்டில் ஒரு துண்டு இருக்கட்டும். பாச்சை உருண்டை பூச்சிக்குத்தான், பூசணத்தைத் தடுக்காது. ஜூன் முதல் டிசம்பர் வரை 15 நாளுக்கு ஒருமுறை விரித்துப் பாருங்கள்.