பிக்கப் வண்டியின் முன்பக்க சஸ்பென்ஷன் தேய்ந்துவிட்டது. குறைந்த செலவில் மாற்ற வழி உண்டா?

வழி உண்டு. முன்பக்கம் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று சர்வீஸ் சென்டரில் பெரிய தொகை சொல்லிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். வண்டி ஓடினால்தான் அன்றைய வருமானம் என்ற நிலையில் இருப்பவர் என்றே உங்களை எடுத்துக்கொள்கிறேன். பொழுதுபோக்குக்காகப் பிக்கப் வைத்திருப்பவர் இந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார். சென்னை வில்லிவாக்கத்தில் விசேஷ வீடுகளுக்குப் பாத்திரமும் நாற்காலியும் வாடகைக்கு விடும் தொழில் செய்கிறேன். என்னிடம் இருப்பது முன்பக்கம் இரட்டை விஷ்போனும் (ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலும் கீழுமாக இரண்டு ஆர்ம்) டார்ஷன் பாரும் (முறுக்குண்டு ஸ்பிரிங்காக வேலை செய்யும் இரும்புத் தண்டு) வைத்த பழைய டாடா பிக்கப். உங்கள் வண்டியில் முன்னாலும் ஸ்பிரிங் பட்டை இருக்குமானால் சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னும், பட்டையின் முனையைத் தாங்கும் ஷேக்கிளின் புஷ்ஷும்தான் உங்கள் கவலை. நான் சொல்வதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது.

எனக்குக் கிடைத்த எஸ்டிமேட்டில் அப்பர் ஆர்ம், லோயர் ஆர்ம், ஷாக் அப்சார்பர், லிங்க் ராட் (வண்டி சாய்வதைத் தடுக்கும் ஸ்டெபிலைசர் பாரை இணைப்பது), டை ராட் எண்ட் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் முனை) என்று இரண்டு பக்கமும் ஒன்றுவிடாமல் இருந்தது. இவற்றில் எது கெட்டிருக்கிறது என்று கேட்டதற்கு, "செட்டாத்தான் சார் மாத்தணும்" என்பதைத் தவிர வேறு பதில் வரவில்லை. இந்த வார்த்தையைக் கேட்டால் எனக்கு இன்றும் கோபம் வரும். ஷாக் அப்சார்பரை ஜோடியாக மாற்றுவது நியாயம். ஒரு பக்க புஷ் (ஆர்மின் மூட்டில் இருக்கும் ரப்பர் உருளை) கிழிந்ததற்காக நான்கு ஆர்மையும் இரும்புக் கடைக்கு அனுப்புவது எந்த ஊர் நியாயம்? பழைய புஷ்ஷைப் பிரஸ்ஸில் தள்ளி எடுத்துப் புதியதைப் பொருத்த நேரமாகும். ஆர்மை அப்படியே கழற்றி மாட்டினால் அவர்களுக்கு வேலை சீக்கிரம் முடியும். அந்த நேரத்தின் விலையைத்தான் நம் தலையில் கட்டுகிறார்கள். எல்லாச் சர்வீஸ் சென்டரும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. அங்கே வேலை பார்ப்பவர்கள் என்மேல் பாய வேண்டாம்.

வண்டியைப் பக்கத்துப் பகுதியான பாடியில் எனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். "அண்ணே, எல்லாத்தையும் மாத்தச் சொல்றாங்க" என்றதும், "மொதல்ல தூக்கிப் பாப்போம் தம்பி" என்றார். தூக்கிய விதத்தில்தான் விஷயம் இருக்கிறது. ஜாக்கியைச் சேசிஸுக்கு அடியில் கொடுத்தால் டார்ஷன் பாரின் விசை ஆர்மை அழுத்திக்கொண்டே இருக்கும். ஆர்மையும் சக்கரத்தையும் சேர்க்கும் பந்து மூட்டான பால் ஜாயிண்டில் உள்ள ஆட்டம் வெளியே தெரியாது. அவர் ஜாக்கியை லோயர் ஆர்முக்கு அடியில், பால் ஜாயிண்டுக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் கொடுத்து, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, டயரின் அடியில் கடப்பாறையைச் செருகி மெல்ல நெம்பினார். இடது பக்கத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால் பால் ஜாயிண்டின் ரப்பர் பூட் வாய் பிளந்திருந்தது; உள்ளே கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் துருவும் மணலும் கலந்த சேறுதான் இருந்தது. பிறகு டயரின் மேலும் கீழும் கைவைத்து ஆட்டினார்; பிரேக்கை மிதித்தபடி என்னை உட்காரச் சொல்லி மறுபடியும் ஆட்டினார். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றிருந்தால் வீல் பேரிங்கில் கோளாறு என்று பொருள், நிற்கவில்லை. பக்கவாட்டில் கைவைத்து ஆட்டினால் தெரிவது டை ராட் எண்ட். அது இரண்டு பக்கமும் இறுக்கமாகவே இருந்தது. ஆக மொத்தத்தில் இரண்டு லோயர் பால் ஜாயிண்டும், இடது லோயர் ஆர்மின் புஷ்களும், இரண்டு லிங்க் ராடும்தான் மாற்ற வேண்டியிருந்தன. செலவு கூலியோடு சேர்த்து அந்த எஸ்டிமேட்டில் மூன்றில் ஒரு பங்கைத் தொடவில்லை.

பாகங்களை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் வாங்கினேன். ஆர்மைத்தான் வாங்க வேண்டும் என்று சர்வீஸ் சென்டரில் சொன்ன அதே வண்டிக்குப் பால் ஜாயிண்ட் அங்கே தனியாகவே கிடைத்தது. ஸ்டியரிங், பால் ஜாயிண்ட் வகையில் 1929-இல் இதே ஊரில் தொடங்கிய ரானேயின் பெயரைக் கடைக்காரர்களே முதலில் சொல்வார்கள். நீங்கள் எந்தப் பிராண்டை வாங்கினாலும் பில்லோடு வாங்குங்கள். 'பில் வேண்டாம் என்றால் குறைத்துத் தருகிறேன்' என்னும் பேச்சுக்கு முன்பு 28 சதவீத ஜி.எஸ்.டி. ஒரு காரணமாக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரி பாகங்களுக்கு 18 சதவீதம்தான். பில் இல்லாத பால் ஜாயிண்ட் ஆறே மாதத்தில் ஆட ஆரம்பித்தால் யாரிடம் போய் நிற்பீர்கள்?

பழைய உதிரி பாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்குப் போகலாமா என்று கேட்பீர்கள். தாராளமாகப் போகலாம். ஆர்ம், சக்கரத்தைத் தாங்கும் நக்கிள், ஸ்டெபிலைசர் பார் போன்ற வெறும் இரும்பைப் பழையதாக வாங்குவதில் தவறில்லை. வளைவும் வெல்டிங் தடமும் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, எந்த வண்டியில் கழற்றியது என்றும் கேட்டுக்கொண்டு வாங்குங்கள். பால் ஜாயிண்ட், டை ராட் எண்ட், புஷ், பேரிங், ஷாக் ஆகியவற்றை மட்டும் பழையதாக வாங்கவே கூடாது. லோயர் பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் மடிந்து வண்டி அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும். அது மதுரவாயல் பைபாஸில் நடந்தால் என்ன ஆகும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை. "காசை மிச்சம் பிடிக்க உயிரோடு விளையாடச் சொல்கிறார்" என்று யாராவது எழுதுவதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுகிறேன்.

கூலி வேலையில் இரண்டு இடங்களில் மட்டும் பக்கத்தில் நின்று பாருங்கள். ஒன்று, டார்ஷன் பாரைத் தளர்த்துவதற்கு முன் அட்ஜஸ்டிங் போல்ட்டில் எவ்வளவு மரை வெளியே நிற்கிறது என்று அளந்துகொண்டு, பாரும் ஆர்மும் சேரும் பல்வரிசையில் பெயின்ட் கோடு போடச் சொல்லுங்கள். இடது பாரும் வலது பாரும் எதிரெதிர்த் திசையில் முறுக்குண்டு பழகியவை என்பதால் மாற்றி மாட்டக் கூடாது. மற்றொன்று, புஷ் போல்ட்டுகளின் கடைசி இறுக்கம். வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே முழுவதும் இறுக்கிவிட்டால், கீழே இறக்கியதும் புஷ்ஷின் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும்; ஒவ்வொரு பள்ளத்திலும் இன்னும் முறுக்கி, புது புஷ் சீக்கிரமே கிழியும். சக்கரம் தரையில் அமர்ந்து வண்டி தன் உயரத்துக்கு வந்த பிறகுதான் கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும். பல பட்டறைகளில் இதைச் செய்வதில்லை. பிறகு 'லோக்கல் புஷ் சார்' என்று பழியைப் பாகத்தின் மேல் போடுவார்கள்.

முன்பக்கம் தாழ்ந்திருக்கிறது என்றால் டார்ஷன் பாரை நன்றாக முறுக்கித் தூக்கிவிடு, எல்லாம் சரியாகும் என்று தெருவுக்கு ஓர் ஆலோசகர் இருக்கிறார். தூக்கினால் பால் ஜாயிண்ட் எப்போதும் சாய்ந்த கோணத்திலேயே வேலை செய்யும், சக்கரம் கீழ்நோக்கி இறங்குவதற்கு மிச்சமிருக்கும் தூரமும் குறையும், வண்டி குதிக்கும். கம்பெனி சொன்ன உயரத்துக்கு மேல் ஒரு சுற்றும் வேண்டாம்.

இத்தனையும் செய்து கொடுத்தாலும் நம் தெருக்கள் விடுமா என்பது வேறு கேள்வி. இந்தியச் சாலைக் காங்கிரஸின் அளவுப்படி வேகத்தடை என்பது 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் உள்ள மென்மையான மேடு. எங்கள் தெருவில் இருப்பது ஒரு முழ அகலத்தில் சிமெண்ட் வரப்பு. பாத்திர லோடோடு அதில் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அடி நேராகப் பால் ஜாயிண்டுக்குத்தான் போகிறது. எட்டு ஆண்டு தாண்டிய சரக்கு வண்டியை ஆண்டுதோறும் எஃப்.சி.க்குக் (தகுதிச் சான்றுக்கு) கொண்டுபோய் நிறுத்தச் சொல்கிறார்கள், சரி. அந்த வரப்புக்கு யார் எஃப்.சி. பார்ப்பது?

கையில் பணம் ஒரேயடியாக இல்லையென்றால், ஆட்டம் உள்ள பால் ஜாயிண்டையும் டை ராட் எண்டையும் மாற்றாமல் லோடு ஏற்றாதீர்கள். லிங்க் ராடின் சத்தத்தையும், எண்ணெய் கசியாத பழைய ஷாக்கையும் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். வீல் அலைன்மெண்டை டார்ஷன் பார் உயரத்தைச் சரிசெய்த பிறகே செய்யுங்கள்; உயரம் மாறினால் கேம்பரும் (சக்கரத்தின் சாய்வு) டோவும் (சக்கரம் உள்ளே வெளியே திரும்பி நிற்கும் அளவு) மாறும், முந்திக்கொண்டு செய்தால் அந்தக் காசை மறுபடியும் கொடுக்க வேண்டியிருக்கும். மாற்றிய பிறகு சில நாள் ஓட்டிவிட்டு, எல்லா நட்டுகளின் இறுக்கத்தையும், நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின்களையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். அதற்குத் தனிக் கூலி கேட்கும் மெக்கானிக்கை நான் இதுவரை பார்த்ததில்லை.