பயிலரங்கு முடிந்த திங்கட்கிழமை வகுப்பில் என்ன மாறும்?

கேள்வி: தேவகோட்டை அருகே ஓர் அறக்கட்டளை நடத்தும் மெட்ரிக் பள்ளியில் இந்த ஆண்டு முதல்வராகப் பொறுப்பேற்றிருக்கிறேன். ஆசிரியர்கள் 28 பேர். பயிற்சிக்கென்று அறக்கட்டளை 80,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறது. சென்னை நிறுவனம் ஒன்று காரைக்குடி ஹோட்டலில் இரண்டு நாள் 'தலைமைப் பண்பும் மூளைசார் கற்பித்தலும்' பயிலரங்கு நடத்தித் தருகிறேன் என்கிறது. முன்பு நடந்த பயிற்சிகளால் ஒன்றும் மாறவில்லை என்று மூத்த ஆசிரியர்கள் சலித்துக்கொள்கிறார்கள். இதை ஏற்கலாமா? எல்லோருக்கும் நடத்துவதா, சிலரை மட்டும் வெளியே அனுப்புவதா?

பதில்: அந்தச் சலிப்பில் நியாயம் இருக்கிறது. காலையில் குத்துவிளக்கு, சால்வை, அப்புறம் பிபிடி, மதியம் விருந்து, மாலையில் சான்றிதழ், குரூப் போட்டோ. திங்கட்கிழமை முதல் பீரியடில் எல்லாம் பழையபடிதான். பேச வந்தவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த ஏற்பாட்டில் அதற்கு மேல் நடக்க வழியில்லை.

புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1980களிலேயே இதைத் தெளிவாக எழுதிவிட்டார்கள். ஒரு முறையைப் பற்றிக் கேட்பது, பிறர் செய்யப் பார்ப்பது, தானே செய்து பார்ப்பது, இவை மூன்றும் பயிலரங்குக்குள் முடிந்துவிடும். ஆனால் அந்த முறை வகுப்பறைக்குள் போய் நிலைக்க, ஆசிரியர் தன் சொந்த மாணவர்களிடம் அதைச் செய்யும்போது கூடவே ஒருவர் இருந்து பார்த்துச் சொல்ல வேண்டும். ஆத்தங்குடியில் கண்ணாடிப் பலகை மேல் வண்ணச் சிமென்ட்டை ஊற்றக் கற்றுக்கொள்கிறவர் பக்கத்தில் கைதேர்ந்தவர் ஒருவர் நிற்பார் அல்லவா, அதேதான். நம் ஊர்ப் பள்ளிகள் காசு கொடுத்து வாங்குவது பெரும்பாலும் முதல் கட்டத்தை மட்டும்.

ஆகவே நிறுவனத்துக்குப் பதில் எழுதுமுன் உங்கள் பள்ளியின் சிக்கல் எது என்று முடிவு செய்யுங்கள். 'தரம் உயர வேண்டும்' என்பதை வைத்துக்கொண்டு யாரும் பயிற்சி தர முடியாது. 'ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கேள்வி பதிலை மனப்பாடமாக எழுதுகிறார்கள், சொந்தமாக ஆங்கிலத்தில் நாலு வரி வரவில்லை' என்பது சிக்கல். ஒரு வாரம் வகுப்புகளில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, பிள்ளைகளின் நோட்டுகளைப் புரட்டினாலே இப்படி மூன்று நான்கு கிடைக்கும். ஒன்றை மட்டும் எடுங்கள். இந்த ஆண்டுக்கு அது போதும்.

இப்போது அந்த நிறுவனம். 'மூளைசார்' என்றதும் எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. துண்டறிக்கையில் 'காட்சி வழி கற்பவர், செவி வழி கற்பவர்' என்று பிள்ளைகளைப் பிரித்திருந்தால் கவனமாக இருங்கள். அப்படிப் பிரித்து அவரவர் பாணியில் சொல்லிக்கொடுத்தால் கூடுதலாகக் கற்கிறார்கள் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று ஹரால்ட் பாஷ்லரும் சக உளவியலாளர்களும் 2008இல் ஆய்வுகளை அலசிச் சொன்னார்கள். வலது மூளைப் பிள்ளை, இடது மூளைப் பிள்ளை என்பதும் இதே ரகம்தான். (நம் அரசுப் பள்ளிகளில் வந்த செயல்வழிக் கற்றல் வேறு விஷயம், அதை இதோடு சேர்க்காதீர்கள்.)

பாடத்திட்டத்தை விட, வருகிற கருத்தாளரைப் பற்றித்தான் அதிகம் விசாரிக்க வேண்டும். அவர் பள்ளியில் பாடம் எடுத்தவரா? உங்கள் ஆறாம் வகுப்புக்கு ஒரு பீரியடு எடுத்துக் காட்டுவாரா? ஆறு வாரம் கழித்துத் திரும்பி வந்து ஆசிரியர்களின் வகுப்பில் உட்காருவாரா? மேடையில் நன்றாகப் பேசுகிறவர்கள் பலர் இரண்டாவது கேள்வியிலேயே நழுவிவிடுவார்கள். சம்மதித்தால், ஹோட்டல் வேண்டாம், உங்கள் பள்ளிக் கூடமே போதும். முதல் நாள் அரை நாள் பயிலரங்கு, மிச்சப் பணம் அடுத்தடுத்த வருகைகளுக்கு. பேருந்தில் வந்து போகும் டீச்சர்கள் இருப்பார்கள், மூன்றரைக்குள் முடித்துவிடுங்கள். தைப்பூசத்தை ஒட்டித் தேதி வைக்காதீர்கள், பாதி ஊர் பழநிப் பாதையில் இருக்கும்.

யாரை வெளியே அனுப்புவது? ஒருவரை மட்டும் அனுப்பாதீர்கள். தனியார் பள்ளியில் அவர் அடுத்த ஆண்டு டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) எழுதி வேறு வேலைக்குப் போய்விடலாம், கற்றதும் அவரோடு போய்விடும். ஒரே பாடத்தில் மூத்தவர் ஒருவர், இளையவர் ஒருவர் என்று ஜோடியாக அனுப்புங்கள். திரும்பி வந்தபின் இருவருக்கும் ஒரே நேரத்தில் வாரம் ஒரு ஃப்ரீ பீரியடு கிடைக்குமாறு டைம் டேபிளை மாற்றுங்கள். ஜப்பானியப் பள்ளிகளில் நெடுங்காலமாக நடப்பது இதுதான்: சிலர் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள், ஒருவர் எடுப்பார், மற்றவர்கள் பிள்ளைகளைக் கவனிப்பார்கள், அப்புறம் கூடிப் பேசுவார்கள். இதற்குச் சென்னையிலிருந்து யாரும் வர வேண்டியதில்லை.

முதல்வரான உங்களுக்கு வேண்டிய பயிற்சியும் பெரும்பாலும் இந்த வகுப்பறைகளிலேயே கிடைத்துவிடும். நம் ஊரில் முதல்வர் வகுப்புக்குள் நுழைந்தால் இன்ஸ்பெக்‌ஷன் என்று ஆசிரியர் வியர்த்துப்போவார். அதை மாற்ற முதலில் நீங்கள் ஒரு பாடம் எடுங்கள், அவர்கள் பின்வரிசையில் உட்காரட்டும். பிறகு அவர்கள் வகுப்புக்குப் போகும்போது, எதைக் கவனிக்க வேண்டும் என்று அவர்களையே கேளுங்கள். மதிப்பெண் போடாதீர்கள். அன்றே, தனியாக, ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள். பயிலரங்கிலும் வரவேற்புரை முடிந்ததும் அலுவலகத்துக்குப் போய்விடாமல் அவர்களோடு உட்காருங்கள். பள்ளித் தலைமை பற்றி முறையாகப் படிக்க விரும்பினால், டெல்லியில் உள்ள நீபா என்ற தேசியக் கல்வித் திட்டமிடல், நிர்வாக நிறுவனத்தின் தேசியப் பள்ளித் தலைமை மையம் இணைய வழியில் பாடம் நடத்துகிறது.

சி.பி.எஸ்.இ. பள்ளி ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி என்ற விதி உண்டு. அது உங்கள் மெட்ரிக் பள்ளியைக் கட்டாது, மணிக்கணக்குக்காக எதையும் வாங்கத் தேவையில்லை. அருகிலேயே ஆட்கள் இருக்கிறார்கள். காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் கல்வியியல் பேராசிரியர்களிடமும் காளையார்கோவிலில் உள்ள மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனத்திலும் கேட்டுப் பாருங்கள். தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பிக்கத் தமிழக அரசு 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பயிற்சி பெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் பக்கத்து ஊர்களிலேயே இருக்கிறார்கள். அனுமதி பெற்று உங்கள் கீழ்வகுப்பு ஆசிரியர்கள் ஒரு காலை நேரம் அங்கே போய்ப் பார்த்துவரலாம். அரசுப் பள்ளியில் நமக்கு என்ன இருக்கிறது என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். போய்விட்டு வந்து பேசச் சொல்லுங்கள்.

அறக்கட்டளைக்குக் கணக்குக் காட்ட ஃபீட்பேக் படிவம் போதாது. பயிற்சியை மதிப்பிட தாமஸ் கஸ்கி என்ற அமெரிக்கக் கல்வியாளர் ஐந்து படிகள் சொன்னார்: பங்கேற்றவர்களின் கருத்து, அவர்கள் கற்றது, பள்ளி தந்த ஆதரவு, வகுப்பில் செய்த மாற்றம், மாணவர்களின் கற்றல். சாப்பாடு பிரமாதம், சார் நன்றாகப் பேசினார் என்பதெல்லாம் முதல் படி. ஆறாம் வகுப்பில் பத்துப் பிள்ளைகளை இப்போதே ஒரு பக்கம் எழுதச் சொல்லி வாங்கி வையுங்கள். அரையாண்டு முடிந்ததும் அதே பிள்ளைகளிடம் அதே மாதிரி இன்னொரு பக்கம். இரண்டையும் அறங்காவலர்கள் மேசையில் வைத்தால் அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டைப் பற்றிப் பேசுவது சுலபம்.

நிறுவனத்துக்கு இந்த வாரமே எழுதுங்கள்: எங்கள் சிக்கல் இது, எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு மாதிரி வகுப்பு வேண்டும், அதன்பின் இரண்டு முறை வந்து வகுப்புகளைப் பார்க்க வேண்டும், கட்டணம் எவ்வளவு? இதற்கு எழுத்தில் பதில் வரும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.