பதில்: தங்கச்சி மகளிடம் எப்படிப் பேசுவது?

அக்கா, தங்கச்சி குவைத்தில, 17 வயசு மகள் உங்க பொறுப்பில, காதல் தெரிஞ்சதும் போனைப் பறிக்கவான்னு கேட்டிருந்தீங்க. வேண்டாம், ஒளிச்சுப் பேசுவா. பெரிய பிள்ளையானா தோட்டத்து வரிசை வீடுகளான லயமே அதிர ஸ்பீக்கர் கட்டிச் சடங்கு வைக்கிறோம், கர்ப்பம் எப்படி வருதுன்னு மட்டும் சொல்றதில்லை!

ரொட்டி சுடும்போது நேராச் சொல்லுங்க: முதல் தடவையிலயும் கர்ப்பமாகலாம். இந்த வயசில சிலருக்கு மாதவிடாய் ஒழுங்கா வராது, நாள் கணக்கை நம்ப முடியாது. ஆணுறை கர்ப்பத்தோட, உடலுறவால வர்ற நோயையும் பெரும்பாலும் தடுக்கும். ஏதாவது நடந்துட்டா அவசர கருத்தடை மாத்திரையை 72 மணித்தியாலத்துக்குள்ள எடுக்கணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. கர்ப்பம் தரிச்ச பிறகு வேலை செய்யாது. 'வேண்டாம்'னு சொல்லவும் அவளுக்கு உரிமை இருக்கு. உங்களுக்குக் கூச்சமா இருந்தா தோட்டத்து மிட்வைஃப் மிஸ்கிட்ட தனியாப் பேச விடுங்க. வீட்டில பையன் இருந்தா அவனுக்கும் இதையே சொல்லுங்க.