அலோபியூரினோல் தொடங்கிய பின் கவுட் வலி கூடினால் குளிசையை நிறுத்தலாமா?

கிளிநொச்சியில் வயல் செய்யும் உங்கள் தந்தைக்குக் கிளினிக்கில் கவுட் நோய்க்கு (யூரிக் அமிலம் கூடி மூட்டுகளில் படிந்து வலி தரும் நோய்) அந்த அமிலத்தைக் குறைக்கும் அலோபியூரினோல் தொடங்கிய பின்னர் கால் பெருவிரல் மூட்டில் வலி கூடியதாகவும், அதனால் குளிசையை நிறுத்தலாமா என்றும் கேட்டுள்ளீர்கள். வலிக்காக மட்டும் வைத்தியரைக் கேளாமல் நிறுத்த வேண்டாம். இரத்தத்தில் யூரிக் அமிலம் குறையும்போது, மூட்டுகளில் நெடுங்காலமாகப் படிந்திருந்த யூரிக் அமிலப் பளிங்குகள் கரையத் தொடங்குவதால், முதல் சில மாதங்களில் வலி திரும்ப வருவதுண்டு; அதைத் தடுக்கவே பெரும்பாலும் 3 முதல் 6 மாதங்கள் வரை குறைந்த அளவில் கொல்ச்சிசினும் கொடுக்கப்படுகிறது. அலோபியூரினோலை நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் அல்லது அதற்கும் குறைவாகத் தொடங்கி, யூரிக் அமிலம் டெசிலீற்றருக்கு 6 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கும்வரை மெல்லக் கூட்டுவதே முறை.

கொல்ச்சிசினால் வயிற்றோட்டம் ஏற்பட்டால் உடனே வைத்தியரிடம் கூறுங்கள். அளவை மாற்ற வேண்டியிருக்கலாம். ஆனால் அலோபியூரினோல் எடுப்பவருக்குத் தோலில் தடிப்போ, அதனுடன் காய்ச்சலோ வாய்ப்புண்ணோ தோன்றினால், அடுத்த குளிசையைக் கொடுக்காமல் அன்றே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். இது அரிது, எனினும் உயிருக்கே ஆபத்தாகலாம்.

வன்னியில் எனக்குப் பெருங்கவலை தருவது, வலி வந்தவுடன் பார்மசியில் டைக்ளோபெனாக் என்ற வலிநிவாரணியை வாங்கி விழுங்கும் பழக்கமே. வவுனியா உட்பட உலர் வலயத்தில் நாட்பட்ட சிறுநீரக நோய் காணப்படுகிறது. வெயிலில் உழைத்து உடலில் நீர் வற்றிய நிலையில் எடுக்கும் அக்குளிசை, பாதிக்கப்பட்ட சிறுநீரகத்தை மேலும் சிதைக்கும். ஆகவே தந்தையின் இரத்தத்தில் சிறுநீரகத்தின் செயற்பாட்டைக் காட்டும் கிரியேற்றினின் அளவை ஒருமுறை பரிசோதிக்கச் செய்து, அவர் எடுக்கும் எல்லா மருந்துகளையும் கிளினிக் கொப்பியுடன் வைத்தியரிடம் காட்டுங்கள்.