இடமாறுதல் கிடைக்கவில்லை, இன்னும் ஆறு செமஸ்டர்கள் இருக்கின்றன

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் மகளின் முதலாண்டு மதிப்பெண் பட்டியலையும், இடமாறுதல் கேட்டு விண்ணப்பித்த மூன்று கல்லூரிகளும் அனுப்பிய பதில்களின் நகல்களையும் முழுவதும் படித்துப் பார்த்தேன். இரண்டு கல்லூரிகள், இரண்டாம் ஆண்டு இசிஇ (மின்னணு, தொடர்பியல் பொறியியல்) பிரிவில் காலியிடம் இல்லை என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டிருக்கின்றன. மூன்றாவது, தன்னாட்சிக் கல்லூரி என்பதால், பாடத்திட்டம் ஒத்துப்போகவில்லை என்பதையும் முதல் செமஸ்டர் கணிதத்தில் ஓர் அரியர் நிலுவையில் இருப்பதையும் காரணமாகக் காட்டியிருக்கிறது. "என் மகளுக்குத் தகுதியில்லை என்று மூன்று கல்லூரிகளும் கைவிரித்துவிட்டன" என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அப்படி எந்தக் கடிதத்திலும் இல்லை. அந்த வார்த்தை வீட்டில் அவர் காதில் விழும்படி பேசப்பட்டிருந்தால், இன்றோடு அதை நிறுத்திவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பொறியியல் கல்லூரிகளில் இடமாறுதல் எப்படி நடக்கிறது என்பதைப் பெற்றோர் பலர் அறிவதில்லை. முதலாண்டுச் சேர்க்கைக்குக் கலந்தாய்வு இருக்கிறது, கட் ஆஃப் இருக்கிறது, 200-க்கு எத்தனை என்று பார்த்து வரிசைப்படி இடம் தருகிறார்கள். இரண்டாம் ஆண்டில் இடமாறுதலுக்கு அப்படிப்பட்ட பொதுவான போட்டி இல்லை. அனுமதிக்கப்பட்ட இடங்களில் எவரேனும் விலகினால்தான் இடமே உருவாகும். அந்த இடத்துக்கும் இப்போது படிக்கும் கல்லூரியின் தடையின்மைச் சான்று, சேர விரும்பும் கல்லூரியின் சம்மதம், பல்கலைக்கழகத்தின் ஒப்புதல் எல்லாம் சேர்ந்து வர வேண்டும். எல்லோரும் விரும்பும் கல்லூரியை விட்டு யார் விலகப் போகிறார்கள்? நீங்கள் தேர்ந்தெடுத்த மூன்றும் அத்தகைய கல்லூரிகளே. ஆகவே இது உங்கள் மகளின் திறமையை எடைபோட்டு எடுத்த முடிவு என்று கொள்வதற்கு இடமே இல்லை.

கல்வி மதிப்பெண் வங்கிக் கணக்கு (அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்) இருப்பதால், பாடங்களில் தேறிப் பெற்ற கிரெடிட்டுகளை எந்தக் கல்லூரிக்கும் கொண்டுபோகலாம் என்று உறவினர் ஒருவர் சொன்னதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். 2021-இல் தொடங்கப்பட்ட அந்த ஏற்பாடு, மாணவர் பெற்ற கிரெடிட்டுகளை ஏழு ஆண்டுகள் வரை சேமித்து வைக்கிறது என்பது உண்மை. ஆனால் அது கணக்கு வைக்கும் இடம் மட்டுமே. வேறொரு கல்லூரி இவரைச் சேர்த்துக்கொண்டே ஆக வேண்டும் என்ற உரிமை எதையும் அது தருவதில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "மேனேஜ்மென்ட் கோட்டாவில் பேசி முடித்துத் தருகிறேன்" என்று ஒருவர் தொலைபேசியில் அழைத்து மூன்று லட்சம் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அவரிடம் ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள். கல்வி நிறுவனங்கள் நன்கொடைக் கட்டணம் வசூலிப்பதைத் தடை செய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 1992 முதல் இருக்கிறது. ரசீது இல்லாமல் கைமாறும் பணத்துக்கு யாரும் பொறுப்பேற்கப் போவதில்லை. காலியிடமே இல்லை என்று கல்லூரி எழுத்தில் சொன்ன பிறகு, இடைத்தரகர் எதை விற்கிறார் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி, மேற்கொண்டு என்ன செய்வது என்பதற்கு வருகிறேன். இடமாறுதல் என்ற ஒரே கோரிக்கைக்குள் நீங்கள் உண்மையில் நான்கு வெவ்வேறு தேவைகளை வைத்திருக்கிறீர்கள்: பயண நேரம் குறைய வேண்டும், நல்ல நிறுவனங்கள் வளாகத் தேர்வுக்கு வர வேண்டும், பாடத்தைத் தெளிவாக நடத்தும் ஆசிரியர்கள் வேண்டும், சொல்லிக்கொள்ளும்படியான கல்லூரிப் பெயர் வேண்டும். ஒரே கல்லூரியில் நான்கும் சேர்ந்து கிடைக்கும் என்று எதிர்பார்த்தீர்கள், அது நடக்கவில்லை. அதனால் நான்கும் கைவிட்டுப் போய்விட்டதாக எண்ண வேண்டியதில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேட முடியும். முதல் மூன்றைப் பெரும்பாலும் பெற்றுவிடவும் முடியும்.

பயணத்துக்கு விடை எளிது. காலை ஆறு மணிக்கு முன்பே கல்லூரிப் பேருந்தில் ஏறி, மாலை ஆறரைக்குத் திரும்பும் மாணவி, இரவில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டே தூங்கிவிடுவதில் வியப்பில்லை. உங்கள் கல்லூரி திருவள்ளூர்ப் பக்கம் இருக்கிறது. நீங்கள் பெரம்பூரில் இருக்கிறீர்கள். அரக்கோணம் மார்க்க மின்சார ரயில் உங்கள் நிலையத்தைத் தொட்டுத்தான் போகிறது. மாணவர் சீசன் டிக்கெட் எடுத்து ரயிலில் சென்று, நிலையத்திலிருந்து மட்டும் பேருந்தோ ஷேர் ஆட்டோவோ பிடித்தால் எவ்வளவு நேரம் மிச்சமாகும் என்று ஒரு வாரம் சோதித்துப் பாருங்கள். கல்லூரிப் பேருந்துக் கட்டணம் கட்டாயம் என்றால், முதல்வரைச் சந்தித்து எழுத்தில் விலக்குக் கேளுங்கள். அதுவும் இயலாவிட்டால், அடுத்த ஆண்டு மட்டுமாவது விடுதியைப் பற்றி யோசிக்கலாம்.

வேலைவாய்ப்புப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும், ஏனெனில் உங்கள் கவலையில் பெரும்பகுதி இதைச் சுற்றியே இருக்கிறது. பெரிய ஐடி நிறுவனங்கள் பலவும் முதலில் பார்ப்பது 60 சதவீத மதிப்பெண்ணையும், நிலுவையில் அரியர் இல்லாமையையும்தான். அந்த வடிகட்டலில் கல்லூரிப் பெயர் உதவாது. உங்கள் மகளின் பட்டியலில் எனக்கு உறுத்தலாகத் தெரிந்த ஒரே இடம், முதல் செமஸ்டரின் 'மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்' அரியர். இதை 'ஒரு பேப்பர்தானே' என்று விட்டுவைக்கக் கூடாது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷன்படி (பாடத்திட்ட விதிமுறைப்படி), இசிஇ மாணவர்களுக்கு மூன்றாம் செமஸ்டரில் 'ரேண்டம் பிராசஸஸ் அண்ட் லீனியர் ஆல்ஜீப்ரா' என்ற தாள் இருக்கிறது. அதே செமஸ்டரில் 'சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ்' தாளும் இருக்கிறது. அணிகளும் தொகையீடும் கைவராமல் இவ்விரண்டையும் எழுதப் புகுந்தால், ஓர் அரியர் மூன்றாகும். கடந்த சில ஆண்டுகளில் நான் சந்தித்த மாணவர்களில், கல்லூரி சரியில்லை என்று வந்தவர்கள் பலருடைய உண்மையான சிக்கல், இப்படி முதலாண்டுக் கணிதத்தில் தொடங்கியதாகவே இருந்தது. ஆகவே வரும் நவம்பர்–டிசம்பர் தேர்வில் இந்தத் தாளை முடிப்பதே இந்த ஆண்டின் முதல் வேலை. தினமும் ஒரு மணி நேரம், பழைய வினாத்தாள்களை எழுதிப் பார்த்துப் பயிற்சி எடுக்க வேண்டும். வீடியோ பார்ப்பது மட்டும் இதற்குப் போதாது.

நல்ல ஆசிரியர்கள் வேண்டும் என்ற குறைக்கு, நம் ஊரிலேயே ஒரு தீர்வு உருவாகியிருக்கிறது. ஐஐடிகளும் பெங்களூரின் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து இணையவழியில் நடத்தும் என்பிடெல் படிப்புகளைச் சென்னை ஐஐடி ஒருங்கிணைக்கிறது. பாடங்களைப் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. சான்றிதழ் வேண்டுமானால் மட்டும் கட்டணம் செலுத்தி, தேர்வு மையத்துக்கு நேரில் சென்று எழுத வேண்டும். இறுதி மதிப்பெண்ணில் வாரந்தோறும் செய்யும் பயிற்சிகளுக்கு 25 சதவீதமும் தேர்வுக்கு 75 சதவீதமும் கணக்கிடுகிறார்கள். ஒரு செமஸ்டருக்கு ஒரு படிப்பு போதும். ஒரே சமயத்தில் ஐந்தில் பதிவு செய்துவிட்டு ஒன்றையும் முடிக்காமல் விடும் வழக்கம் நம் மாணவர்களிடம் பரவலாக இருக்கிறது. கல்லூரி அனுமதித்தால் இதை ஒரு விருப்பப் பாடத்துக்கு ஈடாகவும் ஏற்றுக்கொள்வார்கள். துறைத் தலைவரிடம் பதிவு செய்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

உங்கள் மகள் தனியாக எழுதி இணைத்திருந்த அரைப்பக்கக் குறிப்பில், பள்ளி நாட்களில் ரிச்சி தெருவில் உதிரிப் பாகங்கள் வாங்கி வந்து பற்றவைத்து ஒரு சிறிய ரேடியோ செய்ததாகவும், இப்போது அந்தப் பெட்டியைத் திறந்தே ஓர் ஆண்டு ஆகிவிட்டதாகவும் இருந்தது. உங்கள் நான்கு பக்கக் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. எனக்கோ அனுப்பப்பட்ட எல்லாக் காகிதங்களிலும் இதுவே முக்கியமானதாகப் பட்டது. மின்னணுவியலைக் கையால் தொட்டுப் பழகிய மாணவிக்கு, சிப் வடிவமைப்பும் எம்பெடெட் (கருவிகளுக்குள் பொருத்தும் சிறு கணினி) துறையும் இயல்பாக அமையக் கூடியவை. ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை மின்னணு உற்பத்தி வளர்ந்து நிற்கும் நம் பகுதியில் இத்துறைக்குத் தேவையும் இருக்கிறது. சென்னை ஐஐடி உருவாக்கிய சக்தி பிராசஸரின் வடிவமைப்பு திறந்த மூலமாகவே கிடைக்கிறது. ஆர்வம் இருப்பவர் எந்தக் கல்லூரியில் உட்கார்ந்தும் அதை எடுத்துப் படிக்கலாம். நேர்காணலில் எதிரே இருப்பவர், தானே செய்த ஒரு சர்க்யூட்டைப் பற்றி இவர் பத்து நிமிடம் பேசுவதைக் கேட்டால், அதன் பிறகு கேள்விகள் அதைச் சுற்றியே இருக்கும். மூன்றாம் ஆண்டு வந்ததும், ஐஐடியின் கோடைக்கால ஆய்வுத் திட்டத்துக்கும், தரமணியில் உள்ள சிஎஸ்ஐஆர் (அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் குழு) ஆய்வுக்கூடங்களில் புராஜெக்ட் செய்வதற்கும் விண்ணப்பிக்கட்டும். இவற்றுக்குக் கடும் போட்டி உண்டு. ஆயினும் இடமாறுதலைப் போலன்றி, இங்கே மதிப்பெண்ணும் செய்த வேலையும் பேசும்.

கல்லூரிப் பெயரை நான்காவதாக வைத்தேன். அதை இப்போது பெற முடியாது, முதுநிலையில் பெறலாம். முதுநிலைப் பொறியியல் சேர்க்கைக்கான அகில இந்தியத் தேர்வான கேட் தேர்வை மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம், அந்த மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும். எம்.இ. சேர்க்கைக்குத் தமிழ்நாட்டில் 2023 முதல் சீட்டா நுழைவுத் தேர்வும் இருக்கிறது. கிண்டி பொறியியல் கல்லூரி உங்கள் மகளின் கனவு என்றால், இந்த இரண்டு தேர்வுகளின் வழியாக அங்கே எம்.இ. சேர முயலலாம். அங்கு இளநிலையில் எங்கே படித்தீர்கள் என்று கேட்டு யாரும் இடத்தை மறுப்பதில்லை.

படிப்பை நிறுத்திவிட்டு அடுத்த ஆண்டு மீண்டும் கலந்தாய்வுக்குப் போகலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதே பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணோடு போனால் பெரிதாக மாற்றம் எதுவும் இருக்காது. முடித்த ஓர் ஆண்டும் கட்டிய கட்டணமும் போய்விடும். முதல் பட்டதாரிச் சலுகை மீண்டும் கிடைக்குமா என்பதையும் முன்கூட்டியே உறுதி செய்துகொள்ள வேண்டியிருக்கும். பொறியியலே பிடிக்கவில்லை என்று அவர் சொன்னால் மட்டும் இதைப் பற்றிப் பேசுவோம். குறிப்பைப் படித்த வரையில் அப்படித் தோன்றவில்லை. ஒருவேளை விலகுவதே முடிவானால், அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018-இல் அறிவித்திருப்பதை நினைவில் வையுங்கள்.

ஐஐடி சென்னையின் இணையவழி பிஎஸ் பட்டத்தையும் சேர்த்துப் படிக்கச் சொல்லலாமா என்பது உங்கள் கடைசிக் கேள்வி. இரண்டு பட்டங்களை ஒரே காலத்தில் படிக்க யுஜிசி 2022-இல் அனுமதித்துவிட்டது; 2020-இல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் படிப்பைத் தொடர்ந்து, 2023 முதல் மின்னணுவியலிலும் பிஎஸ் பட்டம் இருக்கிறது. படிப்பு நல்ல படிப்புதான். ஆனால் அரியர் நிலுவையில் இருக்கும்போது, தினமும் பன்னிரண்டு மணி நேரம் வெளியில் இருக்கும் மாணவிக்கு இரண்டாவது பட்டத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். நான்காம் செமஸ்டர் முடிவு வந்த பிறகு, அவரே விரும்பினால் பார்க்கலாம்.

இரண்டு வாரமாகச் சரியாகச் சாப்பிடாமலும் பேசாமலும் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அது தொடர்ந்தால் மதிப்பெண் பேச்சு அனைத்தையும் தள்ளி வைத்துவிட்டு, 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. தேவைப்பட்டால் மருத்துவரையும் பார்த்துவிடுங்கள்.

வரும் சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு இருவரும் வாருங்கள். இரண்டு செமஸ்டர் மதிப்பெண் பட்டியல்கள், மூன்றாம் செமஸ்டர் இன்டர்னல் மதிப்பெண்கள், கணிதத் தாளின் விடைத்தாள் நகல் பெற்றிருந்தால் அது, கல்லூரிப் பேருந்துக் கட்டண ரசீது ஆகியவற்றை எடுத்து வாருங்கள். முதல் அரை மணி நேரம் உங்கள் மகளிடம் தனியாகப் பேச விரும்புகிறேன். அதுவரை நீங்கள் வெளியே காத்திருக்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் கல்வி ஆலோசகர்